கட்டக்கோரைக்குள் என்ன இருக்கிறது? பழுப்புக் கடற்பாசிச் சர்க்கரைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ராஜெக்ட் பருவம் தொடங்கியதும் முதுகலை மாணவர்கள் கேட்கும் கேள்விகள் ஒரு பக்கம். "ஃபியூகாய்டன்" என்று எழுதிய மாத்திரைக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உறவினர்கள் கேட்கும் கேள்விகள் மறுபக்கம். இரண்டும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: பழுப்புக் கடற்பாசியில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் உண்மையிலேயே ஆன்டிஆக்சிடன்ட்தானா? திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஆய்வகப் பக்கம் போகாதவர்கள் பிரித்தெடுக்கும் முறை பற்றிய பகுதியைத் தாண்டிப் படிக்கலாம்.

பழுப்புக் கடற்பாசி என்றால் எவை? நம் கரையில் கிடைக்குமா?

கடற்பாசிகளைப் பச்சை, சிவப்பு, பழுப்பு என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். பழுப்புக்குக் காரணம் ஃபியூகோசாந்தின் என்ற நிறமி. பச்சையம் உள்ளே இருந்தாலும் இந்த நிறமி அதை மறைத்துவிடுகிறது. குளிர்கடல்களில் பல மீட்டர் நீளம் வளரும் கெல்ப் வகைகள், ஜப்பானியர் சாறு வைக்கும் கொம்பு, சூப்பில் போடும் வாகாமே, ஒக்கினாவாவின் மொசுக்கு எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

மன்னார் வளைகுடாவில் கெல்ப் கிடையாது. நமக்கு உள்ளவை வெப்பக்கடல் வகைகள். சர்காசம் இனத்தை மண்டபம், பாம்பன் பக்கம் கட்டக்கோரை என்பார்கள். இலையிடுக்கில் மிளகு போன்ற சிறு காற்றுப் பைகள் இருக்கும். அவற்றால்தான் செடி தண்ணீரில் நிமிர்ந்து நிற்கிறது. டர்பினேரியாவுக்குப் பக்கோடாப் பாசி என்று பெயர். தடித்து, முள் விளிம்போடு, கையில் எடுத்தால் தோல் போல இருக்கும். பாறையில் விசிறி விரித்தாற்போல ஒட்டியிருப்பது படைனா. தமிழ்நாட்டில் ஆல்ஜினேட் எடுக்கும் ஆலைகளுக்குப் போவது பெரும்பாலும் முதல் இரண்டும்தான். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் சிவப்பு வகை. அவற்றிலிருந்து வருவது அகார். அது வேறு கதை, இங்கே அதைத் தொடப்போவதில்லை.

பாலிசாக்கரைடு என்று எதைச் சொல்கிறோம்?

சர்க்கரை மூலக்கூறுகள் மணிபோலக் கோர்த்த நீண்ட சங்கிலி. அரிசியில் இருக்கும் மாவுச்சத்தும் பஞ்சில் இருக்கும் செல்லுலோஸும் பாலிசாக்கரைடுகள்தான். இரண்டிலும் மணி ஒன்றே, குளுக்கோஸ். கோர்த்த விதம் மட்டும் வேறு. அந்த ஒரு வேறுபாட்டால் ஒன்று சோறாகிறது, மற்றொன்று வேட்டியாகிறது. கடற்பாசியில் மணியும் வேறு, கோர்ப்பும் வேறு, மணிமேல் ஒட்டியிருக்கும் சல்பேட்டும் கூடுதல்.

பழுப்புப் பாசியில் முக்கியமானவை மூன்று: செல்சுவரின் பெரும்பகுதியான ஆல்ஜினேட், அதோடு பின்னிக் கிடக்கும் ஃபியூகாய்டன், சேமிப்புச் சர்க்கரையான லாமினாரின். கொஞ்சம் செல்லுலோஸும் உண்டு. மானிட்டால் நிறைய இருக்கும். ஆனால் அது சங்கிலி அல்ல, சிறு சர்க்கரை ஆல்கஹால். காய்ந்த கொம்புவின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும் பொடியில் பெரும்பகுதி அதுவே.

ஆல்ஜினேட்டின் அமைப்பு என்ன? எதனால் அது கூழாகிறது?

1881-இல் ஸ்டான்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் வேதியியலர் பாசியைச் சோடாவில் ஊறவைத்துப் பிசுபிசுப்பான பொருள் ஒன்றைப் பிரித்துக் காப்புரிமை பெற்றார். அதுவே ஆல்ஜினேட். அதில் இரண்டே வகை மணிகள்: மானுரோனிக் அமிலம், குலுரோனிக் அமிலம். சுருக்கமாக எம், ஜி என்பார்கள். சங்கிலியில் சில இடங்களில் எம் மட்டும் தொடர்ந்து வரும், சில இடங்களில் ஜி மட்டும், சில இடங்களில் இரண்டும் மாறிமாறி. இரண்டிலும் கார்பாக்சில் குழு இருப்பதால் சங்கிலி முழுக்க எதிர்மின் சுமை.

ஜி தொடர்ந்து வரும் பகுதி வளைந்து வளைந்து குழிகளோடு அமையும். இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே வரும்போது அந்தக் குழிகளில் கால்சியம் அயனிகள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கடையில் முட்டை அடுக்கும் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: அட்டை சங்கிலி, முட்டை கால்சியம். 1973-இல் முன்வைக்கப்பட்ட இந்த மாதிரிக்கு முட்டைப் பெட்டி மாதிரி என்றே பெயர். ஜி அதிகமானால் கூழ் விறைப்பாக நிற்கும். எம் அதிகமானால் துவளும். அலையில் நாள் முழுக்க அடிபடும் செடிக்குத் தண்டில் விறைப்பும் இலையில் துவள்வும் வேண்டும். வடகடல் கெல்ப் ஒன்றின் தண்டில் ஜி அதிகமாகவும் இலையில் குறைவாகவும் இருப்பது இப்படித்தான் பொருள்படுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் பல் மருத்துவரிடம் போனால் போதும். பல் அளவு எடுக்க அவர் ரப்பர் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைக்கும் பொடி ஆல்ஜினேட். அந்தப் பொடியிலேயே கால்சியம் சல்பேட்டும், அது அவசரப்படாமல் தடுக்கும் பாஸ்பேட் உப்பும் கலந்திருக்கும். முதலில் பாஸ்பேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது தீர்ந்த நொடியில் மிச்சக் கால்சியம் முட்டை அட்டைக்குள் இறங்கி, கலவை வாய்க்குள்ளேயே கெட்டியாகிவிடுகிறது. இன்னொரு இடம் ஈரோடு, திருப்பூர் பக்கத்துத் துணி அச்சுப் பட்டறைகள். ரியாக்டிவ் சாயத்துக்கு மாவுப்பசை சேர்த்தால் சாயம் துணியை விட்டுவிட்டுப் பசையோடே வினைபுரியும். ஆல்ஜினேட்டின் எதிர்மின் சுமை, அதே சுமையுள்ள சாயத்தைத் தள்ளி நிறுத்துகிறது. சாயம் நூலுக்குப் போகிறது, பசை கழுவும்போது போய்விடுகிறது.

ஃபியூகாய்டன் என்றால் என்ன?

1913-இல் ஸ்வீடன் நாட்டு ஹரால்டு கைலின் பிரித்தெடுத்துப் பெயரிட்ட பொருள். முதன்மை மணி ஃபியூகோஸ். அதுவும் எல்-வடிவ ஃபியூகோஸ். மணிகளின்மேல் சல்பேட் குழுக்கள். தரைத் தாவரங்களில் சல்பேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலிகளை அநேகமாகப் பார்க்க முடியாது. கடலில் வாழ்பவற்றின் கையெழுத்து அது.

"ஃபியூகாய்டனின் வாய்ப்பாடு என்ன?" என்று தேர்வில் கேட்பவர்களும் உண்டு. அப்படி ஒன்று கிடையாது. ஃபியூகாய்டன் என்பது ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு குலத்தின் பெயர். வடகடல் ஃபியூகஸ் பாசியில் சங்கிலி ஓரளவு எளிமையானது: பெரும்பாலும் ஃபியூகோஸ், 1-3, 1-4 பிணைப்புகள் மாறிமாறி (மணியின் எந்தக் கார்பன் அடுத்த மணியின் எந்தக் கார்பனோடு பிணைகிறது என்பதே இந்த எண்கள்). மொசுக்குவில் ஃபியூகோஸோடு குளுகுரோனிக் அமிலம் கிளையாக ஒட்டியிருக்கும். வாகாமேயில் காலக்டோஸ் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. நம் சர்காசத்தில் ஃபியூகோஸ், காலக்டோஸ், மானோஸ், சைலோஸ், குளுகுரோனிக் அமிலம் என்று எல்லாம் கலந்த கூட்டுக் குடும்பம். சில வகைகளில் அசிட்டைல் குழுவும் சேரும். ஆகவே ஜப்பானில் ஒரு பாசியை வைத்துச் செய்த ஆய்வின் முடிவை மண்டபத்துப் பாசிக்கு அப்படியே எழுதுவது சரியில்லை. ஆனால் ஆய்வேட்டு முன்னுரைகளில் பாதி இப்படித்தான் எழுதப்படுகின்றன.

லாமினாரின்?

1885-இல் ஷ்மீட்பெர்க் கண்டது. குளுக்கோஸ் மணிகள் பீட்டா 1-3 பிணைப்பில், ஆங்காங்கே 1-6 கிளையோடு. சுமார் 25 மணிகள்தான் நீளம், மூலக்கூறு எடை 5,000 டால்டன் அளவில். சில சங்கிலிகளின் நுனியில் மானிட்டால் இருக்கும். சல்பேட்டும் இல்லை, மின்சுமையும் இல்லை. வெயில் காலத்தில் சேர்த்துவைத்துக் குளிர்காலத்தில் செலவழிக்கும் குதிர் இது. குளிர்கடல் கெல்ப்பில் இலையுதிர் காலத்தில் எக்கச்சக்கமாகவும், குளிர் முடியும்போது ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும்.

ஒரு கிலோ காய்ந்த பாசியில் இவை எவ்வளவு இருக்கும்?

ஆல்ஜினேட் எடையில் 10 முதல் 40 சதவீதம் வரை போகும். ஃபியூகாய்டன் பெரும்பாலும் சில சதவீதம். ஃபியூகஸ் போன்ற சிலவற்றில் 20 வரை. லாமினாரின் பூஜ்யத்திலிருந்து 35 வரை எங்கு வேண்டுமானாலும். சாம்பல் 20, 30 சதவீதம் வருவது சாதாரணம். கடலில் வளர்ந்த செடியில் உப்பு இருக்கத்தான் செய்யும். அகலமான வரம்புகள்தான், ஆனால் இதைவிடக் குறுக்கிச் சொன்னால் பொய்யாகிவிடும். இனம், இடம், மாதம், செடியின் வயது நான்கும் மாறும்போது எண்ணும் மாறும். எனவே ஆய்வேட்டில் பாசி பறித்த மாதத்தையும் இடத்தையும் எழுதாவிட்டால் உங்கள் அட்டவணைக்கு மதிப்பில்லை. மன்னார் வளைகுடாவில் சர்காசமும் டர்பினேரியாவும் ஆகஸ்டிலிருந்து ஜனவரிவரை செழிப்பாக இருக்கும். மார்ச்சில் போய்த் தேடிவிட்டு "விளைச்சல் குறைவு" என்று எழுதுவது செடியின் குற்றமல்ல.

எப்படிப் பிரித்தெடுப்பது?

ஒன்றல்ல, பல முறைகள் உண்டு. பலரும் பின்பற்றும் ஒன்றைச் சொல்கிறேன். பாசியை முதலில் கடல்நீரிலும் பிறகு நல்ல தண்ணீரிலும் அலசி, ஒட்டியிருக்கும் மணல், சிப்பி, குட்டிப் பாசிகளைக் கையால் பொறுக்கியெடுக்க வேண்டும். அலுப்பான வேலை, இதைச் சரியாகச் செய்யாதவர்களுக்குத்தான் சாம்பல் அளவு தாறுமாறாக வரும். நிழலில் காயவைத்துப் பொடித்து, 85 சதவீத எத்தனாலில் இரவு முழுவதும் கலக்கிவிட வேண்டும். கரைசல் கரும்பச்சையாக வரும்: நிறமி, கொழுப்பு, மானிட்டால், பீனால்களில் ஒரு பங்கு. அதை ஊற்றிவிட்டுப் புது எத்தனால் விட்டு மறுபடியும். கரைசல் வெளிறும்வரை விடக்கூடாது. இந்தப் படியில் சிக்கனம் பார்த்தால் கடைசியில் என்ன ஆகும் என்பது கீழே வருகிறது.

பிறகு பொடியை 65 டிகிரி வெந்நீரில் கலக்கி, சென்ட்ரிபியூஜில் சுற்றி, தெளிந்த நீரை எடுத்து 1 சதவீதக் கால்சியம் குளோரைடு சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்தால் ஆல்ஜினேட் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். மிஞ்சிய தெளிநீரில் எத்தனால் அளவை முதலில் 30 சதவீதமாக உயர்த்தி மிச்ச ஆல்ஜினேட்டை நீக்கி, அப்புறம் 70 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் ஃபியூகாய்டன் பஞ்சுபோலத் திரண்டு மிதக்கும். அதை எடுத்து டயாலிசிஸ் பையில் கட்டி இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, உறைய வைத்து உலர்த்தினால் "கச்சா ஃபியூகாய்டன்". லாமினாரினும் கொஞ்சம் கூடவே வந்திருக்கும். கச்சா என்ற சொல்லை மறக்காதீர்கள். டிஇஏஇ நெடுவரிசையில் (எதிர்மின் சுமையுள்ளதைப் பிடித்துவைக்கும் பிசின் நிரப்பிய குழாய்) ஏற்றி, உப்பின் செறிவைப் படிப்படியாகக் கூட்டி இறக்கிய பிறகுதான் அந்தச் சொல்லை எடுக்கலாம். மின்சுமையில்லாத லாமினாரின் முதலிலேயே வழிந்துவிடும். சல்பேட் அதிகமுள்ள சங்கிலி கடைசியில் வரும்.

கலவையில் என்னென்ன இருக்கிறது என்று எந்தச் சோதனை சொல்லும்?

மொத்தச் சர்க்கரைக்குப் பீனால்-கந்தக அமில முறை, 490 நானோமீட்டரில். யூரோனிக் அமிலத்துக்கு (மானுரோனிக், குலுரோனிக், குளுகுரோனிக் எல்லாம் இந்த வகை) கார்பசோல் முறை. சல்பேட்டுக்குப் பேரியம் குளோரைடு-ஜெலட்டின், கலங்கலின் அளவைப் பார்ப்பது. எந்தெந்த மணிகள் என்று தெரிய அமிலத்தில் சங்கிலியை உடைத்து எச்பிஎல்சி அல்லது வாயு வண்ணப்படிவுப் பிரிகை. எப்டிஐஆர் என்ற அகச்சிவப்பு நிறமாலையில் 1,240 செ.மீ⁻¹-ஐ ஒட்டி அகலமான கொடுமுடி வந்தால் சல்பேட் இருக்கிறது. 845-ஐ ஒட்டி வருவது அந்தச் சல்பேட் மணியின் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்பதற்குக் குறிப்புத் தரும். எப்டிஐஆர் மட்டும் எடுத்துவிட்டு "ஃபியூகாய்டன் உறுதி செய்யப்பட்டது" என்று எழுதுவது, வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு ஆள் வீட்டில் இருக்கிறார் என்று சொல்வது போன்றது.

என் அட்டவணையைக் கூட்டினால் 100 வரவில்லை. 78 வருகிறது, என் தோழிக்கு 117. யார் தப்பு?

அநேகமாக இருவரும் தப்பில்லை. கூட்டுத்தொகை குறைவதற்கு முதல் காரணம் ஈரம்: உறையவைத்து உலர்த்திய பொடிகூடக் காற்றில் இருக்கும்போதே 10 சதவீதம்வரை நீரை இழுத்துக்கொள்ளும். இரண்டாவது, பீனால்-கந்தக அமில முறையில் நீங்கள் வைத்த அளவுகோல் குளுக்கோஸ். அதே எடைக்கு ஃபியூகோஸ் தரும் நிறம் வேறு, யூரோனிக் அமிலம் தரும் நிறம் அதைவிடக் குறைவு. குளுக்கோஸ் கோட்டில் வைத்து ஃபியூகாய்டனை அளப்பது, படியால் அளக்க வேண்டியதை முழத்தால் அளப்பது. ஃபியூகோஸையே அளவுகோலாக வைத்துப் பாருங்கள்.

கூடுவதற்குக் காரணம் இரட்டைக் கணக்கு. மாதிரியை எரிக்கும்போது சல்பேட் எங்கும் போவதில்லை, சோடியம் சல்பேட்டாகச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும். சாம்பல் 30, சல்பேட் 25 என்று இரண்டையும் கூட்டினால் ஒரே சரக்கை இருமுறை எடை போட்டதாகும். யூரோனிக் அமிலமும் அப்படியே, மொத்தச் சர்க்கரையிலும் பாதி வந்துவிட்டு, கார்பசோலிலும் தனியாக வருகிறது. எங்கே எதை இரண்டாவது முறை எண்ணினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் எந்தத் தேர்வாளரும் குறை சொல்ல மாட்டார்.

இந்தச் சங்கிலிகள் எப்படி ஆன்டிஆக்சிடன்டாக வேலை செய்யும்?

தனி உறுப்பு என்பது இணையற்ற எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு. அதற்கு ஒரு ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுத்து அமைதிப்படுத்துவது ஆன்டிஆக்சிடன்டின் வேலை. பீனாலுக்கு (கார்பன் வளையத்தில் ஹைட்ராக்சில் குழு ஒட்டிய மூலக்கூறு) இது கைவந்த கலை, ஏனென்றால் ஹைட்ரஜனை இழந்த பிறகும் அதன் வளையம் மிச்ச எலக்ட்ரானைப் பரப்பிக்கொண்டு நிம்மதியாக இருக்கும். சர்க்கரைக்கு அந்த வளையம் கிடையாது. ஆகவே நேரடியாகத் தனி உறுப்பை அடக்குவதில் தூய பாலிசாக்கரைடு சுமார் ரகம்தான்.

வேறு வழியில் அது உதவலாம். இரும்பு அயனி ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் கொடிய ஹைட்ராக்சில் தனி உறுப்பு பிறக்கும். சல்பேட்டும் கார்பாக்சிலும் அந்த இரும்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டால் ஊற்றே அடைபடும். திருடனைத் துரத்துவதைவிடச் சாவியை ஒளித்து வைப்பது. சல்பேட் கூடினால் செயல் கூடுகிறது, சங்கிலியை உடைத்துச் சிறிதாக்கினால் செயல் கூடுகிறது என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் உடைக்கும்போது சங்கிலி நுனிகளின் எண்ணிக்கை கூடுகிறது. ஒவ்வொரு துண்டுச் சங்கிலிக்கும் ஒரு நுனி ஒடுக்கும் திறனுள்ளது. அந்தக் கூடுதல் எதிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. செல் ஆய்வுகளில் செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளை இவை தூண்டுவதாகவும் காட்டியிருக்கிறார்கள். அது வேறு வகை வேலை. குழாயில் நிறம் மாறுவதை வைத்து அதைச் சொல்ல முடியாது.

டிபிபிஎச் சோதனையில் என் மாதிரி 80 சதவீதம் காட்டியது. அப்படியானால் நல்ல ஆன்டிஆக்சிடன்ட்தானே?

இங்கேதான் நான் முரடாகப் பேசுவதாக மாணவர்கள் குறைப்படுவார்கள். என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். முதன்முதலில் நான் எடுத்த சர்காசப் பொடி இளம்பழுப்பு, வறுத்த ரவையின் நிறம். தண்ணீரில் கரைத்து, மெத்தனாலில் இருந்த ஊதா நிற டிபிபிஎச் கரைசலில் விட்டேன். டிபிபிஎச் என்பது நிலையான ஒரு தனி உறுப்பு; அது அடங்கினால் ஊதா மஞ்சளாகும். குழாய் பால் கலந்தாற்போலக் கலங்கிவிட்டது. பதறிப்போய் எல்லாவற்றையும் சென்ட்ரிபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை 517 நானோமீட்டரில் வைத்தேன். நிறம் அழகாக மஞ்சளாகியிருந்தது. 70-க்கு மேல் தடுப்பு. அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

என்ன நடந்தது என்று பிறகு யோசித்தால் சிரிப்பு வருகிறது. டிபிபிஎச் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில்தான் கரையும். பாலிசாக்கரைடோ ஆல்கஹாலில் கரையாது; ஆல்கஹால் விட்டுத்தானே அதையே படிய வைத்தோம்! ஆகவே அந்தக் குழாயில் கலங்கலாகத் திரண்டது என் ஃபியூகாய்டன். அதைச் சுற்றி அடியில் தள்ளிவிட்டு, மேலே மிதந்த மிச்சத்தை அளந்திருக்கிறேன். மிச்சம் என்ன? ஆல்கஹாலில் கரையும் பழுப்புப் பொருள், அதாவது பீனால்கள். சோதித்ததாக எழுதிய பொருளை வெளியே எறிந்துவிட்டு, அழுக்கைச் சோதித்திருக்கிறேன். சுற்றாமல் விட்டிருந்தால் கலங்கல் ஒளியை மறைத்து எண்ணை எதிர்ப்பக்கம் இழுத்திருக்கும்.

1958-இல் ப்ளாய்ஸ் இந்தச் சோதனையை வெளியிட்டபோது அவர் மனத்தில் இருந்தவை சிறு மூலக்கூறுகள். சோதனை மேல் குற்றமில்லை.

அந்தப் பீனால்கள் எவை? எத்தனாலில் கழுவினோமே, போகவில்லையா?

பழுப்புப் பாசிகளுக்கே உரிய ஃப்ளோரோடானின்கள். ஃப்ளோரோகுளூசினால் என்ற சிறு பீனால் மணி கோர்த்த பொருள். 126 டால்டன் எடையில் தொடங்கி 6,50,000 வரைகூட வளரும். சிறியவை எத்தனாலில் போய்விடும். பெரியவை டயாலிசிஸ் பையின் துளை வழியே போகாது. செல்சுவரில் ஆல்ஜினேட்டோடு ஒட்டிக்கொண்டு இருப்பவை வெந்நீரில்தான் கழன்று வரும், அதாவது நீங்கள் பத்திரமாகச் சேர்த்து வைக்கும் அதே நீரில். தாவர உண்ணிகள் கடிக்காமலும் வெயில் எரிக்காமலும் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. ஆன்டிஆக்சிடன்ட் திறனில் இவை படுசுட்டி. நூற்றில் ஒரு பங்கு ஒட்டியிருந்தாலே முழு மாதிரியும் நன்றாக வேலை செய்வதுபோல் காட்டிவிடும். கச்சாப் பொடி பிரமாதமாகவும், தூய்மைப்படுத்திய பின் அதே பொடி சோர்ந்துபோயும் காணப்படுவது பலருக்கும் நேரும் அனுபவம். "தூய்மைப்படுத்தும்போது செயல்திறன் இழக்கப்பட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். இழக்கப்பட்டது செயல்திறன் அல்ல, அதன் சொந்தக்காரர்.

நிறமே முதல் எச்சரிக்கை. நன்றாகத் தூய்மையான ஃபியூகாய்டன் வெள்ளை அல்லது வெண்மஞ்சள். பொடி பழுப்பாக இருந்தால் ஃபோலின் சோதனையில் மொத்தப் பீனாலை அளந்து ஆன்டிஆக்சிடன்ட் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பிவிபிபி பொடியில் கலக்கிப் பீனாலை உறிஞ்சியெடுத்துவிட்டு அதே சோதனையை மீண்டும் செய்து பார்த்தால் இன்னும் நல்லது. ஆலைகளில் ஆல்ஜினேட் வெள்ளையாக வர, பாசியை முதலில் ஃபார்மலினில் ஊறவைத்துப் பீனாலை நார்க்கட்டோடு பிணைத்துவிடுவார்கள். அவர்களுக்கு எண் வேண்டாம், நிறம்தான் வேண்டும். அதனால் பீனால் விஷயத்தில் அவர்கள் நம்மைவிடக் கறாராக இருக்கிறார்கள்.

டிபிபிஎச் வேண்டாம் என்றால் எதைச் செய்வது? ஹைட்ராக்சில் சோதனை?

ஹைட்ராக்சில் தனி உறுப்புக்கு நல்லது கெட்டது தெரியாது, எதிரே வரும் எந்தக் கரிமப் பொருளையும் தாக்கும். அந்தச் சோதனையின் பிரபலமான வடிவத்தில் தாக்கப்படும் இலக்காக வைக்கப்படுவதே டீஆக்சிரைபோஸ் என்ற சர்க்கரைதான். சர்க்கரையைக் காப்பாற்ற இன்னொரு சர்க்கரையை நிறையக் கொட்டிவிட்டு, "காப்பாற்றிவிட்டது" என்று பாராட்டினால் எப்படி? மானிட்டாலும் அதில் தேறிவிடும்.

ஏபிடிஎஸ் என்ற வேறொரு நிறத் தனி உறுப்பை வைத்து நீரில் நடக்கும் சோதனை பரவாயில்லை. கலங்கல் பிரச்சினை குறையும். இரும்பைப் பிடிக்கும் திறனை ஃபெரோசின் முறையில் 562 நானோமீட்டரில் அளப்பது இந்தப் பொருளின் இயல்புக்கு நெருக்கமான சோதனை. எதைச் செய்தாலும் மூன்று குழாய்களை மறக்க வேண்டாம்: மாதிரி மட்டும் உள்ள வெற்றுக்குழாய், ஏனெனில் பழுப்பு நிறமே ஒளியை உறிஞ்சும், மாதிரியில் உள்ள அதே அளவு பீனாலாக ஃப்ளோரோகுளூசினால் விட்ட குழாய், அதே செறிவில் சாதாரண டெக்ஸ்ட்ரான் (சல்பேட் இல்லாத வெறும் குளுக்கோஸ் சங்கிலி) விட்ட குழாய். டெக்ஸ்ட்ரானும் உங்கள் ஃபியூகாய்டனும் ஒரே எண் காட்டினால் விடை கிடைத்துவிட்டது.

ஐசி50 மதிப்பு குறைவாக இருந்தால் நல்லதா?

ஆம், பாதித் தடுப்புக்கு எவ்வளவு பொருள் வேண்டும் என்பது அது. குறைந்தால் வலு அதிகம். அஸ்கார்பிக் அமிலத்துக்குச் சில மைக்ரோகிராம், உங்கள் மாதிரிக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் என்றால், "அஸ்கார்பிக் அமிலத்தோடு ஒப்பிடத்தக்கது" என்று எழுத வேண்டாம்.

சாப்பிட்டால் உடம்பில் ஆன்டிஆக்சிடன்டாக வேலை செய்யுமா?

குழாயில் வந்த எண்ணை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அமெரிக்க வேளாண் துறை உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் எண்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012-இல் பட்டியலையே எடுத்துவிட்டது.

பாசிச் சங்கிலிகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. நம் குடலில் இவற்றை வெட்டும் நொதி இல்லை. ஃபியூகாய்டன் மிகச் சிறிய அளவில் ரத்தத்திலும் சிறுநீரிலும் தென்பட்டதாக ஆய்வுகள் உண்டு. மற்றபடி நார்ச்சத்தாகப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் நுண்ணுயிர்களைப் பொறுத்து மீதிக் கதை. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, ஜப்பானியரின் குடல் பாக்டீரியாவில் சிவப்புப் பாசியின் சர்க்கரையை வெட்டும் மரபணு இருப்பதைக் கண்டது. கடல் பாக்டீரியாவிடமிருந்து கைமாறியது. தலைமுறை தலைமுறையாகப் பாசி சாப்பிட்டவர்களின் குடலுக்குப் பழக்கமானது, இட்லி சாப்பிட்டு வளர்ந்த குடலுக்கும் பழக்கமாக இருக்க வேண்டும் என்றில்லை.

ஃபியூகாய்டன் மாத்திரை வாங்கலாமா?

ஆன்டிஆக்சிடன்ட் வேண்டும் என்பதற்காக என்றால் வேண்டாம், நெல்லிக்காய் மலிவு. வேறு நோய்க்காக யாராவது பரிந்துரைத்திருந்தால் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள். சல்பேட் ஏறிய ஃபியூகாய்டன் ஹெப்பாரினைப் போல ரத்த உறைவைத் தடுக்கும் தன்மை உள்ளது. ஆன்டிஆக்சிடன்ட் பேச்சைவிட உறுதியாக நிறுவப்பட்ட குணம் அதுதான், ஆனால் விளம்பரங்களில் அதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

முழுப் பாசியை உணவில் சேர்ப்பவர்கள் இரண்டை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று அயோடின்: பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும்; ஒரு கிராம் காய்ந்த கொம்புவிலேயே ஒரு மில்லிகிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். தைராய்டு தொல்லை உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். மற்றொன்று ஆர்சனிக்: ஹிஜிக்கி என்ற சர்காச வகையில் நச்சுத்தன்மை கூடிய கனிம ஆர்சனிக் அதிகம் என்பதால் அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டிஷ் உணவுத் தர அமைப்பு 2004-இல் அறிவுறுத்தியது. நம் கட்டக்கோரையும் சர்காசம்தான். கரையில் ஒதுங்கியதை அள்ளிவந்து ரசம் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, சோதிக்காமல் வேண்டாம் என்பதே என் பதில்.

ஆய்வுக்குப் பாசி எங்கே வாங்குவது?

மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையமும், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் இருக்கின்றன. இனத்தை அடையாளம் காண அங்கே கேளுங்கள். சர்காசத்தில் ஓர் இனத்தை இன்னோர் இனமாக எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் அங்கே இறங்கிப் பறிக்கக் கூடாது. கரையோரக் கிராமங்களில் பாசி எடுக்கும் பெண்களிடம் நேரடியாக வாங்கலாம். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி எடுப்பவர்கள் அவர்கள். எந்தப் பாறையில், எந்த நாளில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்று கேட்டால் சொல்வார்கள். அதைப் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதிப் பைக்குள்ளேயே போட்டுக் கட்டுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.